வகுப்புக்காக நான் செய்த ஒரு போலிச் சுற்றறிக்கை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொய்ச் செய்தியை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கப் போய், நானே ஒரு பொய்ச் செய்தியை வெளியே விட்டுவிட்டேன். அதற்காக மெமோ வாங்கினேன். ஏழு வாரம் விசாரணைக்கு நடந்தேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கைக்காசு போனது. அந்த ஆண்டு ஊதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. இதையெல்லாம் விட, இரவில் தூக்கம் வராமல் படுத்திருந்த நாட்கள்தான் அதிகம் வலித்தன. ஊடகக் கல்வி, டிஜிட்டல் குடியுரிமை (இணையத்தில் பாதுகாப்பாகவும் பொறுப்பாகவும் நடந்துகொள்வது) என்று பள்ளியில் வகுப்பு எடுக்க ஆசைப்படும் ஆசிரியர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் நான் விழுந்த பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்த வகுப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் இன்றும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. இதைத் தொடங்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை, வகுப்பில் எப்போதும் துறுதுறுவென்று இருக்கும் ஒரு பெண் கண்கள் வீங்கி உட்கார்ந்திருந்தாள். விசாரித்தால், ‘இதை இருபது பேருக்கு அனுப்பாவிட்டால் உன் அம்மாவுக்கு ஆபத்து வரும்’ என்று அவளுக்கு ஒரு ஃபார்வர்டு வந்திருக்கிறது. அவளிடம் இருந்த எண்களோ பன்னிரண்டுதான். மீதி எட்டுப் பேருக்கு எங்கே போவது என்று தெரியாமல் விடிய விடிய அம்மாவின் பக்கத்தில் விழித்திருந்திருக்கிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அன்றைக்கே முடிவு செய்தேன். நடைபாதையில் தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேட்டேன். “சரி, பாடம் பாதிக்காம பாத்துக்குங்க டீச்சர்” என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பின்னால் விசாரணையில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஒற்றை வாக்கியத்தைத் தவிர என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே நினைவில் இல்லை. ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள்: எத்தனை வகுப்பு, என்ன தலைப்பு, எந்த மாதிரிப் பொருள்களைக் காட்டப் போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து வாரம் நான் சொல்லிக்கொடுத்ததே தவறான பாடம். இணையதளத்தின் வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, தொடர்பு முகவரி கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கைப்பணத்தில் அச்சடித்தும் கொடுத்தேன். பிள்ளைகள் அழகாகக் கோடு போட்டு நிரப்பினார்கள், நன்றாக வடிவமைத்த விளம்பரங்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டார்கள். அப்புறம்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். ‘விளம்பரதாரர் வழங்கும் உள்ளடக்கம்’ என்று பக்கத்திலேயே எழுதியிருந்தும், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதை உண்மையான செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் இன்னொன்றைச் செய்து பார்த்தார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அங்கே படிக்கும் இளநிலை மாணவர்கள் 25 பேர், இவர்களிடம் அறிமுகமில்லாத இணையதளங்களைக் கொடுத்தார்கள். படித்த பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய்ப் பார்த்து, நல்ல லோகோவையும் கௌரவமான பெயரையும் நம்பிப் பல இடங்களில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைத் திறந்த சில நொடிகளிலேயே அதை விட்டு வெளியே வந்தார்கள். புதிய டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று அதற்குப் பெயர்.

அந்த வாரமே என் பட்டியலைத் தூக்கிப் போட்டேன். பக்கத்துக்குள் தேடாதே, வெளியே வந்து தேடு என்ற ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கையில் பதிய வைக்கப் பார்த்தேன். இணையத் தகவலைச் சரிபார்க்கக் கற்பிக்கும் மைக் கால்ஃபீல்டு 2019-இல் வகுத்த நான்கு படிகள் இதற்குக் கைகொடுத்தன: நில், யார் சொல்கிறார்கள் என்று பார், வேறு நல்ல இடத்தில் இதே செய்தி இருக்கிறதா என்று தேடு, மூலம் எதுவோ அங்கே போ. பிள்ளைகள் இதில் ‘நில்’லை மட்டும் தாண்டிக் குதிப்பார்கள். நானும் தாண்டிக் குதித்தேன், அதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

பழக்கம் எவ்வளவு வந்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. கல்வித் துறை பழைய நாட்களில் உண்மையிலேயே அனுப்பிய இரண்டு சுற்றறிக்கைகளை எடுத்தேன். மூன்றாவதாக ஒன்றை நானே தயாரித்தேன். அதே லெட்டர்ஹெட், அதே எழுத்துரு, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. ஆண்டுத் தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு ஆர்வம் வர வேண்டும் என்றுதான் அந்தச் செய்தியைத் தேர்ந்தெடுத்தேன். பார்க்க அசலாக இருக்க வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன். மறுநாள் மூன்றையும் அச்சடித்துக் குழுக்குழுவாகக் கொடுத்தேன். வகுப்பு மிக நன்றாகப் போனது. ஆறு குழுக்களில் நான்கு குழுக்கள் போலியைக் கண்டுபிடித்தன. மணி அடித்தது, காகிதங்களைத் திரும்ப வாங்கினேன். எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு பையன் தன் குழுவின் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். திருட்டுத்தனமாக இல்லை, தான் கண்டுபிடித்ததை அப்பாவிடம் காட்டிப் பெருமைப்பட. மேசை மேல் கிடந்ததை வேறு பள்ளியில் படிக்கும் அவனுடைய அக்கா பார்த்துப் படம் எடுத்துத் தன் தோழிகளின் குரூப்பில் போட்டுவிட்டாள். இரவு எட்டு மணி இருக்கும். பத்தரைக்கு என் சொந்தப் பள்ளியின் பெற்றோர் குரூப்பிலேயே அது வந்து நின்றது. என் கையெழுத்துக் கிறுக்கலை என் போனிலேயே பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று 2019 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. அது பரவலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். படத்தைச் சேமித்து மறுபடி அனுப்புகிறவரை அது ஒன்றும் செய்யாது.

பதறிப்போய் நான் செய்த அடுத்த தவறு, இன்றைக்கும் பலர் செய்யும் தவறு. அந்தப் போலிப் படத்தையே எடுத்து, கீழே மூன்று பத்தி விளக்கமும் மன்னிப்பும் எழுதி, எனக்குத் தெரிந்த எல்லாக் குரூப்களிலும் போட்டேன். விளக்கத்தை யாரும் படிக்கவில்லை. சிலர் படத்தை மட்டும் பிரித்தெடுத்து, ‘டீச்சரே அனுப்பியிருக்காங்க’ என்று சேர்த்து அனுப்பினார்கள். என் பெயரே அந்தப் பொய்க்குச் சான்றாகிவிட்டது. மறுப்பு எழுத வேண்டி வந்தால் உண்மையை முதல் வரியில் வையுங்கள். ‘தேர்வு அறிவித்த தேதியிலேயே நடக்கும்’ என்ற ஒரே வரி போதும். பொய்ப் படத்தைத் திரும்பப் போடாதீர்கள். காட்டியே ஆக வேண்டுமானால் படத்தின் குறுக்கே பெரிதாகப் ‘பொய்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள், வெட்டினாலும் அது போகாதபடி. முக்கியமாக, அந்த வரி யார் வாயிலிருந்து வந்தால் நம்புவார்களோ அவரிடமிருந்து வர வேண்டும். தலைமை ஆசிரியரை இரவு பதினொரு மணிக்கு எழுப்ப எனக்குத் தயக்கம். காலை ஏழு மணிக்குத்தான் பள்ளி சார்பில் மறுப்பு போனது. அந்த எட்டு மணி நேரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர் 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வைப் பற்றி நான் வகுப்பில் ஏற்கனவே சொல்லியிருந்தேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய ஏறத்தாழ 1,26,000 செய்திப் பரவல்களைப் பார்த்து, 1,500 பேரைச் சென்றடையப் பொய்யை விட உண்மைக்குச் சுமார் ஆறு மடங்கு நேரம் ஆகிறது என்று கண்டார்கள். வகுப்பில் அது ஒரு சுவையான தகவல். அன்று காலை, இன்னும் மறுப்பு வந்து சேராத பெற்றோர் ஒருவர் பின் ஒருவராகப் போன் செய்தபோதுதான் அதன் எடை தெரிந்தது. ஒரு குடும்பம் இரவோடு இரவாகப் பயணத்தைத் தள்ளிவைத்துப் பழைய பயணச்சீட்டுகளை ரத்து செய்துவிட்டிருந்தது. புதிய சீட்டு வாங்கியதில் ஏற்பட்ட நஷ்டத்தை நான் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். தேர்வு தள்ளிப்போனதென்று நம்பிப் புத்தகத்தை மூடி வைத்த பிள்ளைகளுக்கு என்னால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

மெமோவைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. விளக்கம் எழுதினேன், மறுவிளக்கம் எழுதினேன், அரசு முத்திரை போன்ற ஒன்றைப் பயன்படுத்தியது குற்றமாகுமா என்று பயந்து வழக்கறிஞரிடம் இரண்டு முறை போனேன், கட்டணம் கட்டினேன். ஏழு வாரம் முடிந்தபோது எச்சரிக்கையோடும் ஊதிய உயர்வுத் தள்ளிவைப்போடும் விட்டார்கள். அந்த ஏழு வாரமும் ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல எண்ணத்தில் தனியாக ஒன்றைத் தொடங்கியவரின் பக்கத்தில், தவறு நடந்தபின் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். தொடங்கும்போதே இன்னொரு ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், நீங்கள் வகுப்புக்கு எடுத்துப் போகும் பொருளை முந்தின நாள் ஒருமுறை பார்த்தால் போதும். என் சுற்றறிக்கையை வேறொரு கண் பார்த்திருந்தால், “இது வெளிய போனா என்ன டீச்சர் பண்ணுவீங்க?” என்று கேட்டிருக்கும்.

போலியை நீங்களே செய்யவே வேண்டாம். ஏற்கனவே உலகம் சுற்றி, எல்லோரும் மறுத்து முடித்த பொய்கள் ஏராளமாக இருக்கின்றன. எனக்குப் பிடித்தது வெள்ளம் சூழ்ந்த சாலையில் நீந்தும் சுறாப் படம். 2011-இல் ஐரீன் புயலின்போது புவேர்ட்டோ ரிக்கோ என்று பரவியது, 2017-இல் ஹார்வி புயலின்போது அதே சுறா ஹூஸ்டனுக்கு வந்துவிட்டது. உண்மையில் அந்தச் சுறா, தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக் கலைஞர் தென்னாப்பிரிக்கக் கடலில் 2003-இல் எடுத்த படத்தில் ஒரு சிறு படகின் பின்னால் வருவது. அதை வெட்டிச் சாலையில் ஒட்டியிருக்கிறார்கள். படத்தை வைத்துத் தேடும் வசதியைப் பயன்படுத்திப் பிள்ளைகளே அந்தப் படகு வரை போய்ச் சேரும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். இன்னொன்று, மரத்தில் வாழும் ஆக்டோபஸைக் காப்பாற்றச் சொல்லும் இணையதளம். 1998-இல் விளையாட்டாகத் தொடங்கியது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்பு மாணவர்கள் 25 பேரிடம் காட்டியபோது கிட்டத்தட்ட எல்லோருமே நம்பினார்கள். இப்படிப்பட்டவை வெளியே கசிந்தாலும் யாரும் பயணத்தை மாற்ற மாட்டார்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது கேட்டுக்கொள்வது அது மட்டுமே: இதை நம்பி யாராவது ஏதாவது செய்துவிடுவார்களா?

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி முழுக்க அவனைத்தான் குற்றம் சொன்னது. மூன்று நாள் வரவில்லை. நான் என் மெமோவுக்குப் பதில் எழுதுவதிலேயே மூழ்கிக் கிடந்தேன். நான்காம் நாள்தான் அவன் வீட்டுக்குப் போனேன். “நான் பொய்யின்னு கண்டுபிடிச்சுத்தானே டீச்சர் கொண்டு வந்தேன்” என்று அழுதான். அவன் சொன்னது உண்மை. அவன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று வகுப்பின் முன் நின்று சொன்னேன். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து வந்த பருவத்தில் நடந்த இன்னொரு தவறில் காசு எதுவும் போகவில்லை, ஆனால் எனக்கு அது இதைவிடப் பெரிது. வீட்டுக்கு வரும் ஃபார்வர்டுகளைக் கொண்டு வாருங்கள், சரிபார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு பெண் தன் தாத்தா அனுப்பிய ஒரு வைத்தியக் குறிப்பைக் கொண்டு வந்தாள். புரொஜெக்டரில் போட்டு எல்லோரும் சேர்ந்து சரிபார்த்தோம், பொய் என்று தெரிந்தது, வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளை வளர்த்ததே அந்தத் தாத்தாதான் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு வாரம் அவள் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வீட்டிலிருந்து வரும் செய்தியை வகுப்பில் காட்டவே கூடாது என்று அன்று முடிவு செய்தேன். ஒரு பொய்யை அனுப்புகிறவர் பெரும்பாலும் அன்பினால் அனுப்புகிறார், நமக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அனுப்புகிறார். அதனால் இப்போது ஒரு முழு வகுப்பை, வீட்டுப் பெரியவர்களிடம் இதை எப்படிப் பேசுவது என்பதற்கே ஒதுக்குகிறேன். குரூப்பில் எல்லோர் முன்னாலும் திருத்தாதே, தனியாகப் போய்ப் பக்கத்தில் உட்கார், ‘தாத்தா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க? வாங்க சேர்ந்து பார்க்கலாம்’ என்று கேள். பிள்ளைகள் இருவர் இருவராக நடித்துப் பழகுகிறார்கள். அந்தப் பெண்ணே ஒரு நாள் தாத்தா வேடம் போட்டாள்.

பத்துப் பதினைந்து வகுப்பு முடிந்ததும் உங்களிடமும் ஒரு மாணவன் வந்து, “எல்லாமே பொய்தான் டீச்சர், எதையும் நம்ப முடியாது” என்பான். எனக்கு முதலில் அது வெற்றி மாதிரித் தெரிந்தது. பிறகுதான் பயந்தேன். தடுப்பூசி அறிவிப்பும் பொய், வெள்ள எச்சரிக்கையும் பொய் என்று சொல்கிறவனை நான் உருவாக்கிக்கொண்டிருந்தேன். காரணம் எளிது. நான் காட்டியதெல்லாம் பொய்யாகவே இருந்தது. இப்போது பாதிக்குப் பாதி உண்மைச் செய்திகளைக் கலக்கிறேன், அதுவும் நம்பக் கடினமானவற்றை. உண்மையை உண்மை என்று சரிபார்த்துச் சொன்னால்தான் கூடுதல் மதிப்பெண்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்தபோது, விரல்களை எண்ணிப் பாருங்கள், ஆறு இருந்தால் போலி என்று சொல்லிக்கொடுத்தேன். 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளை நிறப் பருத்த கோட் அணிந்திருப்பது போன்ற படம் பரவிய காலம் அது. அடுத்த சில மாதங்களிலேயே புதிய கருவிகள் விரல்களைச் சரியாக வரையத் தொடங்கிவிட்டன. பிள்ளைகளோ விரல் சரியாக இருந்தால் அசல் என்று முடிவு கட்டினார்கள். இத்தகைய அடையாளங்களைப் பாடமாக நடத்தாதீர்கள், அடுத்த பருவத்துக்குள் காலாவதியாகிவிடும். முதலில் யார் வெளியிட்டது, எப்போது, அந்த இடத்தில் இருந்த வேறு யாராவது இதைப் பதிவு செய்திருக்கிறார்களா என்ற தேடல் காலாவதியாவதில்லை.

டிஜிட்டல் குடியுரிமைப் பகுதியில் கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது), அடுத்தவர் படத்தைக் கேட்காமல் போடாமை என்று எளிதாகப் போகும். ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளை வகுப்பு முடிந்தபின் உங்களிடம் தனியாக வந்து நிற்பாள். அதற்கு நான் தயாராக இல்லை. தன் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான் என்றாள். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாம சொல்லு” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கேட்டபின் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை, காப்பாற்றவும் கூடாது. அவளுக்கு நான் துரோகம் செய்தது போல ஆனது. இரகசியம் காப்பேன் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ‘உனக்கு உதவத் தேவையான ஆளிடம் மட்டும் சொல்வேன், அது யார் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்க வேண்டாம், மிரட்டுகிறவனுக்குப் பணமோ இன்னொரு படமோ அனுப்ப வேண்டாம், கணக்கின் பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தரங்கப் படத்தை நீங்கள் உங்கள் போனில் வாங்கவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களின் அப்படிப்பட்ட படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. படம் அவர்களிடம் போகாது, படத்தின் டிஜிட்டல் கைரேகை (படத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு) மட்டும்தான் போகும். பெயரும் கேட்பதில்லை. இதையும், உங்கள் நாட்டுக் குழந்தைகள் உதவி எண்ணையும் முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிப் போடுங்கள். கேட்க வெட்கப்படும் பிள்ளை தானாகக் குறித்துக்கொள்ளும்.

நேரத்துக்குத் தனி வகுப்பு கேட்டு அலைய வேண்டாம். நான் ஒரு பருவம் அலைந்து தோற்றேன். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம், நடத்துகிற பாடத்துக்குள்ளேயே வைக்கிறேன். கணக்கு ஆசிரியர் அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் சிறு வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டும் வரைபடத்தை ஒரு நாள் எடுத்துக்கொண்டார். அறிவியல் ஆசிரியைக்கு மருந்து விளம்பரங்கள். அவர்கள் சேர்ந்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த ஆண்டு தொடக்கத்தில் பெற்றோருக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு. என்ன நடத்தப் போகிறோம், எந்தக் காகிதமும் வீட்டுக்கு வராது, வந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுச் செய்திகளை வகுப்பில் காட்ட மாட்டோம் என்று நான்கு விஷயம். கீழே கையெழுத்திட ஓர் இடம் விட்டிருந்தேன். திரும்பி வந்தவற்றில் ஐந்தில் கையெழுத்துக்குக் கீழே ஒரே மாதிரி ஒரு வரி இருந்தது: இந்த வகுப்பு எங்களுக்கும் கிடைக்குமா? ஒன்று அந்தப் பையனின் அப்பா எழுதியது. அவர்களுக்காக அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன்.